போஸ்ட்கிரெஸ் கிளஸ்டரைக் கண்காணிக்க எது: கிரான் ஸ்கிரிப்டா, பிரோமிதியஸா, ஜாபிக்ஸா, கிளவுட் கொடுப்பதே போதுமா?

எழுத்தை வாங்கும் ஒரு பிரைமரி சர்வர், அதன் நகலாக ஒன்றோ இரண்டோ ஸ்டாண்ட்பை, முன்னால் கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் ஒரு பிஜிபவுன்சர். சிறிய, நடுத்தரக் கம்பெனிகளில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. இதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது இரண்டு விஷயம்: கனெக்ஷன் எத்தனை ஓடுகிறது, ரெப்ளிகேஷன் (பிரைமரியின் மாற்றங்கள் ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேர்வது) பின்தங்காமல் போகிறதா. எதை வைத்துக் கவனிப்பது என்று வரும்போதுதான் இழுபறி. "பிரோமிதியஸ் போட்டுவிடலாம்" என்பார் ஒருவர். "நாலு வரி ஸ்கிரிப்டுக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்பார் இன்னொருவர். அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்-இல் ஓட்டுகிறவர், அங்கேயே கிடைக்கும் கண்காணிப்பைக் காட்டி, "கிளவுட்வாட்ச்தான் காட்டுகிறதே" என்று முடித்துக்கொள்வார்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண நாளில் எல்லாக் கருவியும் ஒரே மாதிரி அழகாகக் கோடு வரையும். வித்தியாசம் தெரிவது இரண்டு நேரத்தில்: டேட்டாபேஸ் "இடமில்லை" என்று கனெக்ஷனை மறுக்கும்போது, ஸ்டாண்ட்பை சத்தமில்லாமல் கழன்றுபோகும்போது. இரண்டிலும் கருவிக்கு உண்மையான எண் எதுவும் வந்து சேராது. பதிலே வராதபோது இந்தக் கருவி என்ன செய்யும் என்பதுதான் தேர்வுக்கு முதல் கேள்வி. கிராஃப் எவ்வளவு அழகு என்பதெல்லாம் அப்புறம்.

## 2017 ஜனவரி 31, கிட்லேப்

கனெக்ஷனும் ரெப்ளிகேஷனும் தனித்தனிப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு, புரோகிராம் கோட் வைக்கும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனம் தானே ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்ட இந்தச் சம்பவத்தைக் காட்டலாம். அன்று ஸ்பேம் உள்ளிட்ட காரணங்களால் டேட்டாபேஸில் சுமை ஏறியது, ஸ்டாண்ட்பை பின்தங்கியது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் வால் லாக் கோப்புகளை, ஸ்டாண்ட்பை வாங்கி முடிப்பதற்குள் பிரைமரி அழித்துவிட்டது. ரெப்ளிகேஷன் நின்றேபோனது.

ஸ்டாண்ட்பையை மறுபடி கட்டப் போனால், வால் லாக்கை அனுப்பும் இணைப்புகளின் எல்லையான மேக்ஸ்_வால்_செண்டர்ஸ் போதவில்லை என்றது. அதைக் கூட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், ஒரே நேரத்தில் அனுமதிக்கும் கனெக்ஷன் எல்லையான மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் 8000 என்று இருந்ததால், ஆப்பரேட்டிங் சிஸ்டம் கொடுக்கும் செமஃபோர் தீர்ந்து போஸ்ட்கிரெஸ் எழ மறுத்தது. 2000-க்குக் குறைத்த பிறகுதான் எழுந்தது. இந்தக் குழப்பத்தின் நடுவே, ஸ்டாண்ட்பையில் அழிக்க வேண்டிய டேட்டா டைரக்டரி பிரைமரியில் அழிந்தது. சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஆறு மணி நேரம் பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான் மீள முடிந்தது. வழக்கமான பேக்கப் வேலை தோற்றுக்கொண்டே இருந்ததைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் டிமார்க் என்ற மின்னஞ்சல் நம்பகச் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படாமல் போயிருந்தன.

மின்னஞ்சல் வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளும் எந்த அமைப்பிலும் இது நடக்கும். கீழே ஒவ்வொரு கருவியிலும் இதே ஓட்டை வேறு வேறு பெயரில் இருப்பதைப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

நிரம்பியிருக்கும்போது உள்ளே போக முடிகிறதா. போஸ்ட்கிரெஸில் மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் இயல்பாக 100. அதில் 3 இடம் சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டது. கண்காணிப்புக்கென்று நாம் உருவாக்கும் யூசர் சூப்பர்யூசராக இருக்கக் கூடாது. பதிப்பு 10 முதல் இருக்கும் பிஜி_மானிட்டர் என்ற ரோலைக் கொடுப்பதே முறை. முறைப்படி செய்தால் ஒரு விலை உண்டு: கனெக்ஷன் தீர்ந்துபோகும்போது அந்த 3 இடம் இந்த யூசருக்குக் கிடைக்காது. எதைப் பார்க்க வைத்தோமோ அது நடக்கும் நேரத்தில் அதுவே வெளியே நிற்கும்.

பதிப்பு 16-இல் இதற்கு நேரடித் தீர்வு வந்தது: ரிசர்வ்ட்_கனெக்ஷன்ஸ் என்ற அமைப்பில் சில இடங்களை ஒதுக்கி, பிஜி_யூஸ்_ரிசர்வ்ட்_கனெக்ஷன்ஸ் என்ற ரோலைக் கண்காணிப்பு யூசருக்குக் கொடுக்கலாம். அது இயல்பாக 0-வில் இருப்பதால் நாமே மாற்ற வேண்டும். மாற்றினால் ரீஸ்டார்ட் தேவை. பழைய பதிப்பில் இருப்பவர்கள் அப்ளிகேஷன் யூசர் ஒவ்வொன்றுக்கும் கனெக்ஷன் லிமிட் வைத்து, எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் மொத்தத்தைவிடக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கருவியை வாங்கினாலும் இந்த வேலை நம்முடையதுதான்.

லேகை, அதாவது ஸ்டாண்ட்பை பின்தங்கிய அளவை, எப்படிக் கணக்கிடுகிறது. ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். ஸ்டாண்ட்பையில் கடைசியாக ரீப்ளே ஆன, அதாவது வால் லாக்கிலிருந்து எடுத்துச் செயல்படுத்தப்பட்ட, டிரான்சாக்ஷனின் நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழிப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. ராத்திரி பிரைமரியில் யாரும் எதுவும் எழுதவில்லை என்றால் இந்த எண் தானாக ஏறிக்கொண்டே போகும். பின்தங்கவே இல்லை, ஆனாலும் அலாரம் அடிக்கும். இதைச் சரிசெய்ய, "வாங்கிய இடமும் ரீப்ளே ஆன இடமும் ஒன்றாக இருந்தால் லேக் 0" என்று ஒரு நிபந்தனை சேர்ப்பார்கள். இணையத்தில் எங்கு தேடினாலும் கிடைக்கும் கணக்கு இது. பல கருவிகளுக்குள்ளும் இதுதான் இருக்கிறது.

இந்த 0 இன்னும் ஆபத்தானது. இரண்டு சர்வருக்கும் நடுவில் நெட்வொர்க் அறுந்துவிட்டது என்று வையுங்கள். ஸ்டாண்ட்பை அதுவரை வாங்கியதை எல்லாம் ரீப்ளே செய்து முடித்துவிட்டது. வாங்கியதும் ரீப்ளே ஆனதும் ஒன்று. லேக் 0. பிரைமரி மணிக்கணக்கில் முன்னே போய்க்கொண்டிருந்தாலும் ஸ்டாண்ட்பை பச்சை விளக்கோடு நிற்கும்.

ஒட்டியிருக்கும் ஸ்டாண்ட்பை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை காட்டும் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷனைப் பிரைமரியில் பார்த்து, இப்போதைய வால் இடத்துக்கும் ரீப்ளே இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை பைட்டில் எடுப்பது இதைவிட நேர்மையான அளவு. அதற்கும் ஒரு குணம் உண்டு: ஸ்டாண்ட்பை கழன்றால் அதன் வரிசையே காணாமல் போய்விடும். லேக் பெரிதாகத் தெரியாது. லேக் என்ற எண்ணே இருக்காது.

ஆகவே ஒரு எண் போதாது. பிரைமரியில் எத்தனை ஸ்டாண்ட்பை ஒட்டியிருக்கிறது என்பது எதிர்பார்த்த எண்ணிக்கையோடு பொருந்துகிறதா, பைட் வித்தியாசம் எவ்வளவு, ஸ்டாண்ட்பையில் வால் லாக்கை வாங்கும் வால் ரிசீவர் ஸ்ட்ரீமிங் நிலையில் இருக்கிறதா, இந்த மூன்றும் வேண்டும். முடிந்தால் சில விநாடிக்கு ஒருமுறை பிரைமரியில் நேரத்தை எழுதும் ஹார்ட்பீட் டேபிள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஸ்டாண்ட்பையில் படித்தால் மேலே சொன்ன இரண்டு ஏமாற்றமும் இல்லை.

ஸ்லாட்டைப் பார்க்கிறதா. ஸ்டாண்ட்பை வாங்கும்வரை வால் கோப்பை வைத்திருக்கச் சொல்லும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் வைத்திருந்தால் கிட்லேபுக்கு நேர்ந்ததுபோல் வால் கோப்பு முன்கூட்டியே அழியாது. பதிலுக்கு, ஸ்டாண்ட்பை செத்துக் கிடந்தால் பிரைமரியின் டிஸ்க் நிரம்பும்வரை கோப்புகள் குவியும்; நிரம்பினால் பிரைமரி விழும். பதிப்பு 13-இல் வந்த மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் இதற்கு ஒரு வரம்பு போடுகிறது. ஆனால் இயல்பில் அது -1, அதாவது வரம்பே இல்லை. யாரோ சோதனைக்குத் தொடங்கி மறந்துபோன லாஜிக்கல் ஸ்லாட் ஒன்று போதும், டிஸ்க் நிரம்ப.

எங்கே நின்று எண்ணுகிறது. பிஜிபவுன்சர் இருந்தால் போஸ்ட்கிரெஸ் பக்கத்திலிருந்து பார்க்கும் கனெக்ஷன் எண்ணிக்கை பூல் (பவுன்சர் திறந்து வைத்துப் பகிரும் கனெக்ஷன் தொகுப்பு) அளவோடு நின்றுவிடும். பூல் 20 என்றால் 20-ஐத் தாண்டாது. கோடு அமைதியாகக் கிடக்கும். பஸ்ஸுக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஸ்டாப்பில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்காத கதை. கூட்டம் தெரிவது பிஜிபவுன்சரின் ஷோ பூல்ஸ் கட்டளையில்: காத்திருப்பவர்கள் (சிஎல்_வெயிட்டிங்) எத்தனை, முதலில் நிற்பவர் காத்திருக்கும் நேரம் (மேக்ஸ்வெயிட்) எத்தனை விநாடி. பவுன்சர் வைத்திருப்பவர்களுக்குப் போஸ்ட்கிரெஸ் கனெக்ஷன் கணக்கைவிட இது முக்கியம் என்பேன்.

மிச்சம் இரண்டு: பழைய கணக்கு எத்தனை நாள் கிடைக்கும், இந்தக் கருவியை யார் பராமரிப்பார்கள். இரண்டாவதற்கு ஒரு பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அந்தக் கருவியைத் தேர்வுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

## கிரான் ஸ்கிரிப்ட்

கிரான் என்ற நேர அட்டவணைக் கருவி மூலம் நிமிடத்துக்கு ஒருமுறை போஸ்ட்கிரெஸின் கட்டளை வரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்-ஐ ஓட்டி, எண்ணை எல்லையோடு ஒப்பிட்டு, மீறினால் மெயிலோ டெலிகிராமோ அனுப்புவது. இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு; நான் பார்ப்பதில்லை. எதைப் பார்க்கிறோம், எப்படிக் கணக்கிடுகிறோம் என்பது ஒவ்வொரு வரியும் நமக்குத் தெரிந்தே இருக்கும். மேலே சொன்ன 0 லேக் பொறியில் விழாமல் எழுத முடியும். நாகியோஸ் அல்லது ஐசிங்கா போன்ற கண்காணிப்புக் கருவி ஏற்கெனவே இருந்தால் செக்_போஸ்ட்கிரெஸ் என்ற பெர்ல் ஸ்கிரிப்டே போதும்: பேக்எண்ட் (கனெக்ஷன்) எண்ணிக்கை, ஸ்டாண்ட்பை தாமதம், ஸ்லாட் எல்லாம் அதில் உண்டு.

ஓட்டை எங்கே என்றால், கனெக்ஷன் கிடைக்காதபோது பிஎஸ்க்யூஎல் வெறும் வரியைத் திருப்பும். வெறுமையை எண்ணோடு ஒப்பிட்டால் ஷெல் ஒரு எரர் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும், அலாரம் அடிக்காது. ஆகவே "எண் வரவில்லை" என்பதையே முதல் அலாரமாக எழுத வேண்டும். கனெக்ட் டைம்அவுட், ஸ்டேட்மெண்ட் டைம்அவுட் இரண்டும் கட்டாயம். இல்லாவிட்டால் சர்வர் திணறும்போது நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரிப்டாக உள்ளே போய் மாட்டிக்கொண்டு, கண்காணிப்பே கனெக்ஷனைத் தின்னும். ஸ்கிரிப்டை டேட்டாபேஸ் இருக்கும் அதே மெஷினில் வைப்பதும் கூடாது; மெஷின் போனால் ஸ்கிரிப்டும் போயிற்று.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, வரலாறு கிடையாது. "போன செவ்வாய்க்கிழமை எத்தனை கனெக்ஷன் இருந்தது" என்று கேட்டால் பதில் இருக்காது. இரண்டு, எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு அந்த ஸ்கிரிப்டைத் தொட எல்லோருக்கும் பயம்.

## பிரோமிதியஸ், எக்ஸ்போர்ட்டர், கிராஃபானா

2012-இல் சவுண்ட்கிளவுடில் பிறந்து, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெடிஸுக்கு அடுத்தபடியாக 2016-இல் சிஎன்சிஎஃப் என்ற கிளவுட் மென்பொருள் அமைப்பில் சேர்ந்த கண்காணிப்புத் திட்டம் பிரோமிதியஸ். போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டர் 9187 போர்ட்டில் எண்களை வைக்கும். பிரோமிதியஸ் வந்து எடுத்துக்கொள்ளும். பிஜிபவுன்சருக்குத் தனி எக்ஸ்போர்ட்டர் உண்டு. பிரைமரி விழுந்தால் ஸ்டாண்ட்பையை அந்த இடத்துக்கு உயர்த்தும் பேட்ரோனி வைத்திருந்தால் அதுவே 8008 போர்ட்டில் மெட்ரிக்ஸ் கொடுக்கிறது; எக்ஸ்போர்ட்டர் குருடானாலும் இரண்டாவது கண்ணாக உதவும்.

இதன் பலம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கேள்வி கேட்க முடிவது. பவுன்சர் வரிசை நீளும் அதே நிமிடத்தில் ஐடில் இன் டிரான்சாக்ஷன் (டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கும் கனெக்ஷன்) எத்தனை, டிஸ்க் எழுத்து எவ்வளவு, புது ரிலீஸ் போனது எப்போது என்று ஒரே திரையில் பார்க்கலாம். கனெக்ஷன் தீர்வதற்கு நடைமுறையில் அடிக்கடி காரணமாக இருப்பது கூட்டம் அல்ல. டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டு வெளியே ஏதோ ஏபிஐ பதிலுக்காகக் காத்திருக்கும் அப்ளிகேஷன் புரோகிராம்தான். நிலை வாரியாகப் பிரித்துப் பார்க்காதவரை அது தெரியாது.

ஓட்டை இப்படி: ஸ்டாண்ட்பை லேக் 1 ஜிபியைத் தாண்டினால் அலர்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். தாண்டியது, அலர்ட் வந்தது. பத்து நிமிடம் கழித்து ஸ்டாண்ட்பை முழுதாகக் கழன்றுவிட்டது. அந்த வரிசை மறைந்ததால் அலர்ட்டுக்கான நிபந்தனையும் மறைந்தது. உங்கள் போனுக்கு "பிரச்சினை தீர்ந்தது" என்று செய்தி வரும். நிலைமை மோசமானதுதான் தீர்வாகத் தெரிகிறது. எண் காணாமல் போனதைக் கண்டுபிடிக்கும் ஆப்செண்ட் ஃபங்ஷனையோ எண்ணிக்கை ஒப்பீட்டையோ தனி விதியாக எழுதினால் இது அடைபடும். பிஜி_அப் 0 ஆவதற்கும் தனி அலர்ட் வேண்டும். எக்ஸ்போர்ட்டருக்குக் கனெக்ஷன் கிடைக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். இணையத்திலிருந்து இறக்கும் தயார் டாஷ்போர்டுகளில் அலர்ட் விதியே இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாஷ்போர்ட் வைத்தாகிவிட்டது, கண்காணிப்பு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

செலவு: பிரோமிதியஸ், செய்தி அனுப்பும் அலர்ட்மேனேஜர், கிராஃப் வரையும் கிராஃபானா, இரண்டு மூன்று எக்ஸ்போர்ட்டர் என்று பராமரிக்க வேண்டிய புரோகிராம்களே ஐந்தாறு. இயல்பில் 15 நாள் கணக்குதான் வைத்திருக்கும். மாதக் கணக்கு வேண்டுமென்றால் மாற்ற வேண்டும், டிஸ்க் கொடுக்க வேண்டும். டேபிள் வாரியாக எண் எடுக்கும் வசதியைத் திறந்துவிட்டால் டேபிள் ஆயிரக்கணக்கில் இருக்கும் டேட்டாபேஸில் அளவீட்டுத் தொடர்கள் வெடித்துப் பெருகும். அப்புறம், பிரோமிதியஸே விழுந்தால் யார் சொல்வது? எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு அலர்ட்டை வெளியே உள்ள ஒரு சேவைக்கு அனுப்பி, அது நின்றால் அந்தச் சேவை உங்களை எழுப்பும்படி வைப்பதுதான் வழக்கம். அந்தக் கடைசி வேலையைச் செய்து வைத்திருப்பவர்கள் குறைவு.

## ஜாபிக்ஸ்

லாட்வியாவில் பிறந்த கருவி. நம்மூர் கம்பெனிகளில் நெட்வொர்க், சர்வர் டீம் ஏற்கெனவே இதை ஓட்டிக்கொண்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அப்படி இருந்தால் புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதற்கு முன் இதையே யோசியுங்கள். சர்வரில் ஓடும் அதன் ஏஜெண்ட் 2-க்குப் போஸ்ட்கிரெஸ் பிளகின் இருக்கிறது. கனெக்ஷன் நிலைகள், ரெப்ளிகேஷன் லேக், ஸ்டாண்ட்பை எண்ணிக்கை எல்லாம் டெம்ப்ளேட்டிலேயே வரும். அலர்ட், யார் எப்போது ஷிஃப்டில் இருக்கிறார்கள், பதில் இல்லாவிட்டால் அடுத்து யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது. மணி வாரியான சுருக்கக் கணக்கு இயல்பிலேயே ஒரு வருடம் நிற்கும். கொள்ளளவு திட்டமிட இது பிரோமிதியஸின் 15 நாளைவிட வசதி.

இங்கே பதில் வராதபோது ஐட்டம் (அளக்கும் ஒவ்வொரு எண்ணும்) "ஆதரிக்கப்படாதது" என்ற நிலைக்குப் போகும். அதைச் சார்ந்த டிரிகர் (அலர்ட் நிபந்தனை) "தெரியாது" என்று ஆகும். தெரியாது என்பது பிரச்சினை என்று அர்த்தமில்லை, ஆகவே அலர்ட் போகாது. நோடேட்டா ஃபங்ஷன் வைத்துத் தனி டிரிகர் எழுத வேண்டும். டெம்ப்ளேட் கொடுக்கும் லேக் விநாடிக் கணக்கு எந்தச் சூத்திரத்தில் வருகிறது என்பதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஜாபிக்ஸ் தன் கணக்கை வைத்துக்கொள்ள அதற்கே ஒரு மைஎஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் வேண்டும். அதாவது டேட்டாபேஸைப் பார்க்க இன்னொரு டேட்டாபேஸ். அதைக் கண்காணிக்கும் கிளஸ்டருக்குள்ளேயே வைக்கும் தவறை மட்டும் செய்யாதீர்கள்.

## கிளவுட் கொடுப்பது

ஆர்டிஎஸ் அல்லது அமேசானின் இன்னொரு டேட்டாபேஸ் சேவையான அரோராவில் இருப்பவர்களுக்கு டேட்டாபேஸ்கனெக்ஷன்ஸ், ரெப்ளிக்காலேக், ஓல்டஸ்ட்ரெப்ளிகேஷன்ஸ்லாட்லேக் போன்ற அளவுகள் கிளவுட்வாட்ச்சில் நிமிடத்துக்கு ஒன்றாகத் தானாகவே வருகின்றன. நம் கண்காணிப்பு யூசர் வெளியே நிற்கும் பிரச்சினை இங்கே பெரிதாக இல்லை; எண்ணுவது அமேசானின் சொந்தக் கணக்கு. நிமிடக் கணக்கு 15 நாள், ஐந்து நிமிடக் கணக்கு 63 நாள், மணிக் கணக்கு 455 நாள் நிற்கும். பராமரிக்க ஆள் தேவையில்லை. மூன்று பேர் டீமுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

குறைகள் உள்ளே போகப் போகத் தெரியும். டேட்டாபேஸ்கனெக்ஷன்ஸ் ஒரே ஒரு மொத்த எண். அதில் எத்தனை சும்மா கிடக்கிறது, எத்தனை திறந்த டிரான்சாக்ஷனோடு நிற்கிறது என்று பிரிக்காது. மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் இங்கே மெஷினின் மெமரியை வைத்துச் சூத்திரத்தில் வருவதால், செலவைக் குறைக்க மெஷின் அளவை இறக்கினால் எல்லையும் இறங்கும். பழைய அளவுக்குப் போட்ட அலாரம் அப்படியே நிற்கும், அடிப்பதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். பிரைமரியில் எழுத்தே இல்லாதபோது ஆர்டிஎஸ் போஸ்ட்கிரெஸ் ரெப்ளிக்கா ஐந்து நிமிடம் வரை லேக் காட்டும், அது இயல்பு. ராத்திரி இரண்டு மணிக்கு அதற்கு எழுந்தவர்கள் எல்லையை உயர்த்திவிடுவார்கள், பிறகு உண்மையான லேக் வந்தாலும் தெரியாது. அரோரா வேறு கதை: அங்கே பிரைமரியும் ரெப்ளிக்காவும் ஒரே ஸ்டோரேஜைப் பகிர்வதால் லேக் மில்லிவிநாடிகளில் பேசப்படும். ஆர்டிஎஸ் எல்லைகளை அப்படியே அங்கே ஒட்டக் கூடாது.

அலாரம் வைக்கும்போது "டேட்டா வராவிட்டால்" என்று ஒரு கேள்வி வரும். இயல்பான விடையில் அலாரம் "போதிய தகவல் இல்லை" என்ற நிலைக்குப் போகும். அந்த நிலைக்கு யாருக்கும் செய்தி அனுப்பும்படி நாம் வைத்திருக்க மாட்டோம். லேக் அலாரத்துக்கு "மீறியதாகக் கொள்" என்று மாற்றி வையுங்கள்.

## பணம் கட்டி வாங்கும் சேவை

டேட்டாடாக், பிஜிஅனலைஸ் போன்றவை. இவற்றில் கருவியைவிட அனுபவத்தை வாங்குகிறீர்கள்: எந்த கொயரி பூட்டு போட்டு மற்றவற்றை நிறுத்தியது என்பது வரை காட்டும். சர்வர் எண்ணிக்கைக்கு ஏற்ப மாதக் கட்டணம் என்பதால், ரீட் ரெப்ளிக்கா ஒன்று சேர்க்கும்போதெல்லாம் பில்லும் ஏறும். பேசப்படாத செலவு இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் கொயரியின் மூல வரியில் வாடிக்கையாளரின் போன் நம்பரும் பெயரும் இருக்கலாம். அதை மறைக்காமல் வெளியே அனுப்புகிறோமா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கிரான் ஸ்கிரிப்ட் | பிரோமிதியஸ் | ஜாபிக்ஸ் | கிளவுட்வாட்ச் |
|---|---|---|---|---|
| கனெக்ஷன் தீர்ந்தபோது | ஒதுக்கிய இடம் இருந்தால் பார்க்கும் | அதேதான். பேட்ரோனி இருந்தால் இரண்டாவது கண் | ஒதுக்கிய இடம் வேண்டும் | பார்க்கும் |
| பதில் வராவிட்டால் இயல்பாக | மௌனம் | அலர்ட் தீர்ந்ததாகக் காட்டலாம் | "தெரியாது" | "போதிய தகவல் இல்லை" |
| கனெக்ஷன் நிலை பிரிப்பு | எழுதினால் உண்டு | உண்டு | உண்டு | இல்லை |
| பவுன்சர் வரிசை | எழுதினால் உண்டு | தனி எக்ஸ்போர்ட்டர் | தனியாகச் சேர்க்க வேண்டும் | நாமே அனுப்ப வேண்டும் |
| பழைய கணக்கு, இயல்பாக | இல்லை | 15 நாள் | சுருக்கம் 1 வருடம் | மணிக் கணக்கு 455 நாள் |
| பராமரிப்பு | குறைவு, ஆனால் ஒருவரை நம்பி | அதிகம் | நடுத்தரம் | ஏறக்குறைய இல்லை |

## எந்த நிலைமைக்கு எது

ஒரு பிரைமரி, ஒரு ஸ்டாண்ட்பை, சொந்த விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்), முழு நேர ஆப்ஸ் (சர்வர் பராமரிப்பு) ஆள் இல்லை: ஸ்கிரிப்ட். அதோடு, ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறை ஒழுங்காக முடிந்ததும் வெளியே ஒரு சேவைக்குத் தட்டிச் சொல்ல வேண்டும். தட்டல் நின்றால் அந்தச் சேவை உங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். பிரோமிதியஸ் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் உற்பத்தியில் அலாரம் ஸ்கிரிப்டிலேயே இருக்கட்டும்.

குபர்நெடிஸில் ஓடுகிறது அல்லது பேட்ரோனி கிளஸ்டர், அப்ளிகேஷன் அளவுகளும் ஏற்கெனவே பிரோமிதியஸில்: வேறு யோசனையே வேண்டாம், பிரோமிதியஸ்தான். டாஷ்போர்டுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை அலர்ட் விதிகளுக்குக் கொடுங்கள்.

ஜாபிக்ஸ் ஓட்டும் டீம் வேறு மாடியில் இருக்கிறது, அவர்களுக்கு இரவு ஷிஃப்டும் உண்டு: அவர்களிடம் போங்கள். போஸ்ட்கிரெஸுக்கு அதைவிட நுணுக்கமான கருவி இருக்கலாம். ஆனால் ராத்திரி அலர்ட்டை எடுக்க மனிதர் இருப்பது கருவியின் நுணுக்கத்தைவிடப் பெரிய விஷயம்.

ஆர்டிஎஸ்-இல் இருக்கிறீர்கள்: கிளவுட்வாட்ச்சில் தொடங்கி, அது காட்டாத இரண்டை மட்டும் சின்ன ஸ்கிரிப்டாகச் சேருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் திறந்து கிடக்கும் டிரான்சாக்ஷன்கள் ஒன்று, பவுன்சரின் காத்திருப்பு வரிசை மற்றொன்று. முதலாவதைப் பார்ப்பதோடு நிற்காமல், 9.6 முதலே இருக்கும் ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்டைப் போட்டு டேட்டாபேஸே வெட்டிவிடும்படியும் செய்யலாம்.

பணம் கட்டும் சேவையை, கேள்வி "உயிரோடு இருக்கிறதா" என்பதைத் தாண்டி "ஏன் மெதுவாக இருக்கிறது" என்று ஆன பிறகு வாங்கினால் காசுக்குப் பலன் தெரியும்.

சின்க்ரனஸ் ரெப்ளிகேஷன், அதாவது ஸ்டாண்ட்பை ஒப்புக்கொண்ட பிறகே கமிட் முடியும் அமைப்பு, வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒரே ஒரு சின்க் ஸ்டாண்ட்பை இருந்து அது விழுந்தால், பிரைமரியில் கமிட் எல்லாம் காத்து நிற்கும். காத்து நிற்பவை ஒவ்வொன்றும் ஒரு கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டிருக்கும். சற்று நேரத்தில் கனெக்ஷன் தீரும். முதலில் வரும் அலர்ட் கனெக்ஷன் அலர்ட்டாக இருக்கும், நோயோ ரெப்ளிகேஷனில் இருக்கும். இந்த அமைப்புக்கு இரண்டையும் ஒரே திரையில் காட்டாத கருவி வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் டெஸ்ட் கிளஸ்டரில் ஒரு மதிய நேரத்தில் இரண்டு காரியம் செய்து பாருங்கள். ஸ்டாண்ட்பைக்கும் பிரைமரிக்கும் நடுவில் ஃபயர்வாலில் போர்ட்டை மூடுங்கள். ஸ்டாண்ட்பையை நிறுத்தக் கூடாது, பாதையை மட்டும் வெட்ட வேண்டும். பிறகு சுமைச் சோதனைக் கருவியான பிஜிபெஞ்ச் வைத்து மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் முழுவதையும் நிரப்புங்கள். நிரப்பும்போது அப்ளிகேஷன் யூசராகவே உள்ளே போங்கள். சூப்பர்யூசராகப் போனால் ஒதுக்கிய இடத்தையும் நீங்களே தின்றுவிடுவீர்கள். இரண்டு முறையும் எத்தனை நிமிடத்தில், யாருடைய போனுக்கு, என்ன வாசகத்தோடு செய்தி வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் சோதனையில் "லேக் 0" என்று திரை காட்டினால், கருவியை மாற்றும் முன் அதற்குள் இருக்கும் கணக்கை மாற்றிப் பாருங்கள்.